மின்னூல் விலையும் டிஆர்எம் பூட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்னூல் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு புகார்கள் தவறாமல் வரும். விலை அதிகம் என்பது ஒன்று. காசு கொடுத்து வாங்கியும் விருப்பப்பட்ட கருவியில் படிக்க முடியவில்லை என்பது மற்றொன்று; அப்படித் தடுக்கும் மென்பொருள் பூட்டுக்குப் பெயர்தான் டிஆர்எம். இவை தொடர்பில்லாத புகார்கள் போலத் தோன்றினாலும், பதிப்புத் துறையில் விலைச் சண்டையும் பூட்டுச் சண்டையும் ஒன்றோடொன்று பின்னித்தான் நடந்திருக்கின்றன. பெரும்பகுதி அமெரிக்காவில் நடந்த கதை. அங்கே முடிவான விதிகள்தான் இன்று தமிழ் மின்னூல் வரைக்கும் வந்து நிற்கின்றன.

தாள் இல்லை, அச்சு இல்லை, லாரி வாடகை இல்லை. பிறகு ஏன் மின்னூலுக்கு இவ்வளவு விலை?

அச்சுப் புத்தகத்தின் விலையில் தாளும் அச்சும் நாம் நினைக்கும் அளவுக்கு இடம் பிடிப்பதில்லை. தமிழில் 300 ரூபாய் விலை போட்ட புத்தகம் என்றால் விற்பனையாளர் கழிவே 30 முதல் 40 சதவீதம் வரை போய்விடும். எழுத்தாளருக்கு 10 சதவீதம் ராயல்டி என்பது வழக்கம். மீதியில்தான் அச்சு, தாள், கிடங்கு, அட்டை வடிவமைப்பு, மெய்ப்பு பார்ப்பவர் கூலி, பதிப்பாளர் லாபம் எல்லாம். மின்னூலில் தாளும் கிடங்கும் போகும். மற்றவை அப்படியே இருக்கும். கழிவுக்குப் பதிலாக இணையக் கடையின் பங்கு வந்து உட்காரும்.

தமிழில் கூடுதலாக ஒரு தலைவலி உண்டு. பழைய புத்தகங்கள் பெரும்பாலும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவற்றை மாற்றும்போது ஒற்றெழுத்து தொலையும், கொம்பு இடம் மாறும், 'ஸ்ரீ' வேறு ஏதோவாகும். யாராவது உட்கார்ந்து வரி வரியாகத் திருத்தியாக வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடித்த மின்னூல்கள் எப்படி இருக்கும் என்று வாங்கியவர்களுக்குத் தெரியும்.

இவ்வளவும் உண்மைதான். ஆனால் பதிப்பாளர்கள் இதைச் சொல்லிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்வார்கள். முதல் பிரதிக்குத்தான் செலவு. இரண்டாவது பிரதிக்கும் இருபதாயிரமாவது பிரதிக்கும் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. அதனால் 49 ரூபாய்க்கும் நியாயம் சொல்லலாம், 499 ரூபாய்க்கும் நியாயம் சொல்லலாம். மின்னூல் விலையைச் செலவை வைத்து விளக்க முயன்றால் பாதி வழியில் நின்றுவிடுவோம். விலையை யார் தீர்மானிக்கிறார் என்று கேட்டால் மீதி விளங்கும்.

9.99 டாலர் என்ற விலை எங்கிருந்து வந்தது?

2007 நவம்பர் 19 அன்று அமேசான் முதல் கிண்டிலை 399 டாலருக்குக் கொண்டுவந்தது. ஐந்தரை மணி நேரத்தில் கையிருப்பு தீர்ந்தது. கருவியைவிடப் பெரிய அதிர்ச்சி புத்தக விலைதான். புதிதாக வெளிவந்த, நன்றாக விற்கும் நூல்கள் 9.99 டாலர் என்று அறிவித்தார்கள். பதிப்பாளர்கள் பலருக்கு அந்த விலை தெரியவந்ததே அறிமுக மேடையில்தான்.

அப்போது மொத்த விற்பனை முறை நடப்பில் இருந்தது. பதிப்பாளர் ஒரு விலை குறிப்பார். கடை அதில் சுமார் பாதியைக் கொடுத்து வாங்கிக்கொண்டு, தன் விருப்பப்படி விற்கும். 26 டாலர் கெட்டி அட்டை நூலின் மின்பதிப்புக்கு அமேசான் 13 டாலர் அளவில் கொடுத்தது. அதை 9.99-க்கு விற்றது. அதாவது ஒவ்வொரு பிரதியிலும் கைக்காசைப் போட்டது. கருவியும் பழக்கமும் மக்களிடம் பரவட்டும் என்பதுதான் கணக்கு.

பதிப்பாளருக்கு 13 டாலர் வந்துகொண்டுதானே இருந்தது? அவர்களுக்கு என்ன குறை?

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பதிப்பாளர்கள் பின்னால் கேட்டு வாங்கிய புது முறையில் (விலையை அவர்களே வைப்பார்கள், கடை 30 சதவீதம் எடுத்துக்கொள்ளும்) அவர்களுக்கு வருமானம் குறைந்தது. 12.99 டாலர் விலை வைத்து அதில் 70 சதவீதம் எடுத்தால் 9.09 டாலர். பழைய முறையில் கிடைத்த 13-ஐ விட்டுவிட்டு இந்த 9 டாலரைப் பதிப்பாளர்கள் விரும்பி ஏற்றார்கள்.

வாசகர் மனதில் ஒரு புதுப் புத்தகம் என்றால் பத்து டாலர் என்று பதிந்துவிட்டால், 26 டாலர் கெட்டி அட்டையை யார் வாங்குவார்கள் என்ற பயம் ஒரு பக்கம். வேறு கடைகள் நஷ்டத்தில் விற்க முடியாமல் மூடிப்போய், அமேசான் மட்டும் மிஞ்சினால், 'இனி 13 டாலர் தர முடியாது, 6 டாலர்தான்' என்று சொல்லும் நாள் வரும் என்ற பயம் மறுபக்கம். இரண்டாவது பயம் கற்பனை என்று ஒதுக்க முடியாது. 2009-ல் அமெரிக்க மின்னூல் விற்பனையில் மிகப் பெரும் பங்கு அமேசான் கையில் இருந்தது.

ஆப்பிள் மேல் வழக்கு போட்டார்களே, அது என்ன கதை?

2010 ஜனவரி 27 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபேடை அறிமுகம் செய்தார். கூடவே ஐபுக்ஸ் என்ற மின்னூல் கடை. அதற்கு முந்தைய சில வாரங்களில் ஆப்பிள் ஐந்து பெரிய பதிப்பகங்களோடு ஒப்பந்தம் போட்டிருந்தது: ஹாசெட், ஹார்ப்பர்காலின்ஸ், மேக்மில்லன், பெங்குவின், சைமன் அண்ட் ஷூஸ்டர். முகவர் முறை என்று பேர். விலையைப் பதிப்பாளர் வைப்பார், கடை 30 சதவீதம் எடுத்துக்கொள்ளும். புது நூல்களுக்கு 12.99, 14.99 என்று மேல் வரம்புகளும் உண்டு.

ஒப்பந்தத்தில் முக்கியமான ஒரு விதி இருந்தது. வேறு எந்தக் கடையில் அந்த நூல் குறைந்த விலைக்குக் கிடைத்தாலும், ஆப்பிள் கடையிலும் அதே விலைக்கு இறக்க வேண்டும். அமேசான் 9.99-க்கு விற்றால் ஆப்பிளிலும் 9.99, அதில் பதிப்பாளருக்கு 7 டாலர்தான் மிஞ்சும். ஆகவே பதிப்பாளர்கள் அமேசானையும் முகவர் முறைக்கு இழுத்தே ஆக வேண்டிய நிலை. அதுவும் தனியாகப் போய்க் கேட்டால் அடி விழும், சேர்ந்து கேட்டால்தான் நடக்கும்.

முதலில் போனவர் மேக்மில்லன் தலைவர் ஜான் சார்ஜன்ட். சியாட்டிலுக்கே நேரில் போய்ச் சொன்னார். மறுநாள் அமேசானில் மேக்மில்லன் நூல்களின் 'வாங்கு' பொத்தான்கள் காணாமல் போயின, அச்சு நூல்கள் உட்பட. அந்த வாரக் கடைசியிலேயே அமேசான் இறங்கிவந்தது. தன் நூல்கள் மேல் மேக்மில்லனுக்கு ஏகபோகம் இருப்பதால் பணிய வேண்டியிருக்கிறது என்ற பொருளில் ஓர் அறிவிப்பும் போட்டது. பதிப்புரிமை என்பதே அந்த ஏகபோகம்தானே என்று அப்போது பலர் சிரித்தார்கள்.

விலைகள் ஏறின. 2012 ஏப்ரல் 11 அன்று அமெரிக்க நீதித் துறை ஆப்பிள் மேலும் ஐந்து பதிப்பகங்கள் மேலும் வழக்குத் தொடுத்தது. மூன்று பதிப்பகங்கள் அன்றே சமரசம் செய்துகொண்டன, மற்ற இரண்டும் பின்னால். ஆப்பிள் மட்டும் நீதிமன்றத்தில் நின்றது. 2013 ஜூலையில் நீதிபதி டெனிஸ் கோட், விலையை ஏற்றுவதற்கான கூட்டுச் சதியை ஆப்பிள் நடத்திவைத்தது என்று தீர்ப்பளித்தார். 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்தது. ஆப்பிள் 45 கோடி டாலர் கட்டியது. அதில் 40 கோடி வாசகர்களுக்கு. நன்றாக விற்ற நூல் ஒன்றுக்கு 6.93 டாலர், மற்றவற்றுக்கு 1.57 டாலர் என்று கணக்கில் வரவு வைத்தார்கள்.

அப்படியானால் விலை குறைந்திருக்க வேண்டுமே?

கொஞ்ச காலம் குறைந்தது. நீதிமன்றம் தண்டித்தது கூட்டுச் சேர்ந்ததை. முகவர் முறையே சட்டவிரோதம் என்று அது சொல்லவில்லை. தனித்தனியாகப் பேரம் பேசி அதே முறைக்குப் போகலாம். போனார்கள்.

2014-ல் ஹாசெட்டும் அமேசானும் மோதிக்கொண்டது அந்தப் பேரத்தில்தான். ஹாசெட் நூல்களுக்கு முன்பதிவு நிறுத்தப்பட்டது, அச்சுப் பிரதிகள் வாரக்கணக்கில் தாமதமாயின. அப்போது அமேசான் ஒரு கணக்கை வெளியிட்டது: 14.99-க்கு ஒரு பிரதி விற்கும் இடத்தில் 9.99-க்கு 1.74 பிரதிகள் விற்கும், எனவே விலையைக் குறைத்தால் எல்லாருக்கும் மொத்த வருமானம் கூடும் என்று. கணக்கு தப்பில்லை. ஆனால் அது மின்னூலை மட்டும் பார்க்கும் கணக்கு. பதிப்பாளர் காப்பாற்ற நினைத்தது அச்சுப் புத்தகத்தையும் அதை விற்கும் கடைகளையும். நவம்பரில் சமரசம் ஆனபோது விலை வைக்கும் உரிமை ஹாசெட்டிடமே இருந்தது. இன்று கிண்டில் பக்கத்தில் பெரிய பதிப்பக நூல்களின் கீழே 'விலையைப் பதிப்பாளர் நிர்ணயித்தார்' என்ற மாதிரி ஒரு வரி வருகிறதே, அதன் பூர்வீகம் இதுதான்.

பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் இந்தச் சண்டைக்கே இடமில்லை. அங்கே புத்தக விலையைப் பதிப்பாளர்தான் வைக்க வேண்டும் என்பது சட்டம். பிரான்ஸ் 2011-ல் மின்னூலையும் அந்த வளையத்துக்குள் கொண்டுவந்தது.

சரி, டிஆர்எம் என்றால் என்ன?

கோப்பைக் குறியாக்கம் செய்து, அதைத் திறக்கும் சாவியை உங்கள் கணக்கோடும் கருவியோடும் கட்டிவைப்பது. அமேசானுக்குத் தனி முறை, ஆப்பிளுக்குத் தனி முறை. கோபோ போன்ற கடைகளும் பல நூலகங்களும் நெடுங்காலமாக அடோபி முறையைப் பயன்படுத்தின. ஒரு கடைப் பூட்டு இன்னொரு கடைக் கருவியில் திறக்காது.

இன்னொரு வகை, நீர்க்குறி. அதில் பூட்டு கிடையாது. வாங்கியவரின் அடையாளத்தைக் கோப்புக்குள் தெரியும்படியோ தெரியாமலோ பதித்துவிடுவார்கள். எங்கே வேண்டுமானாலும் படிக்கலாம். டெலிகிராமில் போட்டால் யார் போட்டது என்று தெரிந்துவிடும்.

பூட்டு திருட்டைத் தடுக்கிறதா?

விஷயம் தெரியாதவர் நண்பருக்கு மின்னஞ்சலில் அனுப்புவதைத் தடுக்கும். திருட்டையே வேலையாகச் செய்பவரைத் தடுக்காது. ஒரே ஒருவர் பூட்டை உடைத்தால் போதும், அதன்பின் சுற்றுவதெல்லாம் பூட்டில்லாத பிரதிதான்.

உடைக்கக்கூடத் தேவையில்லை. ஹாரி பாட்டர் வரிசையின் கடைசி நூல் 2007 ஜூலையில் வெளிவருவதற்கு முன்பே, யாரோ அச்சுப் பிரதியைப் பக்கம் பக்கமாகப் புகைப்படம் எடுத்து இணையத்தில் விட்டார்கள். அப்போது அந்த நூல்களுக்கு மின்பதிப்பு என்பதே கிடையாது.

பூட்டை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. மேக்மில்லன் குழுமத்தின் அறிவியல் புனைகதைப் பதிப்பகமான டோர், 2012-ல் தன் மின்னூல்கள் எல்லாவற்றிலும் பூட்டை நீக்கியது. ஓராண்டு கழித்து அதன் பிரிட்டன் கிளை, திருட்டு கூடியதாகத் தெரியவில்லை என்று அறிவித்தது. பேன் என்ற இன்னொரு அறிவியல் புனைகதைப் பதிப்பகம் 1999-லிருந்தே பூட்டில்லாமல்தான் விற்கிறது.

பின்னே பூட்டால் யாருக்கு லாபம்?

கடைக்கு. பதிப்பாளர் வற்புறுத்திப் பூட்டு போடவைத்தார், சாவியோ கடைக்காரர் இடுப்பில் தொங்குகிறது.

கிண்டிலில் இருநூறு புத்தகம் வாங்கிவைத்திருக்கும் வாசகரை நினைத்துப் பாருங்கள். அவர் வேறு கருவிக்கு மாறினால் அந்த இருநூறையும் அங்கே கொண்டுபோக முடியாது. ஆகவே மாறமாட்டார். 2014-ல் ஹாசெட்டுக்கு நேர்ந்தது இதுதான். 'அமேசானில் எங்கள் புத்தகம் கிடைக்காவிட்டால் வேறு கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்' என்று கிண்டில் வாசகரிடம் ஹாசெட்டால் சொல்ல முடியவில்லை. வேறு கடையில் வாங்கிய பூட்டுக் கோப்பு கிண்டிலில் திறக்காது. பூட்டு போட்டே தீர வேண்டும் என்று ஆரம்பத்தில் பிடிவாதம் பிடித்தவர்கள் பெரிய பதிப்பாளர்கள்தான். விலைச் சண்டையில் அமேசானுக்கு இருந்த பலத்தில் ஒரு பங்கு இவர்களே கொடுத்தது.

எதிர்ப்பக்க உதாரணம் மறுபடியும் ஹாரி பாட்டர்தான். அதை எழுதிய ரௌலிங் மின்னுரிமையைத் தன்னிடமே வைத்திருந்தார். 2012 மார்ச்சில் பாட்டர்மோர் என்ற தன் தளத்தில் நீர்க்குறி மட்டும் போட்டு விற்க ஆரம்பித்தார். பூட்டு இல்லாததால் ஒரே இடத்தில் வாங்கி எந்தக் கருவியிலும் படிக்க முடிந்தது. அமேசானே தன் பக்கத்திலிருந்து வாசகரை அந்தத் தளத்துக்கு அனுப்பிவைத்தது. எல்லாருக்கும் ரௌலிங்கின் பேர பலம் இருக்காது என்பது உண்மை. ஆனால் பலம் மட்டும் இருந்து, கோப்பில் பூட்டும் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தைக் கடை திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா?

முடியும், நடந்திருக்கிறது. 2009 ஜூலையில் அமேசான் சிலருடைய கிண்டிலிலிருந்து ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' இரண்டையும் தொலைவிலிருந்தே அழித்தது. உரிமை இல்லாத ஒருவர் அந்தப் பதிப்புகளைக் கடையில் ஏற்றியிருந்தார் என்பது காரணம். பணம் திரும்பியது. கண்காணிப்பு அரசு பற்றிய நாவலையா போய் அழிக்க வேண்டும் என்று உலகமே கேட்டது. ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். தான் எடுத்த குறிப்புகள் பயனற்றுப் போய்விட்டன என்று வழக்குப் போட்டவர்களில் ஒரு பள்ளி மாணவரும் இருந்தார்.

மைக்ரோசாஃப்ட் 2019-ல் தன் மின்னூல் கடையை மூடியது இன்னும் சுத்தமான உதாரணம். சாவி கொடுக்கும் கணினி நின்றால் பூட்டு திறக்காது. எனவே அந்த ஜூலையில் வாங்கிய புத்தகங்கள் எல்லாம் மறைந்தன. முழுப் பணமும் திரும்பியது. ஓரக் குறிப்பு எழுதியிருந்தவர்களுக்கு மேலும் 25 டாலர்.

2025 பிப்ரவரி 26 முதல் கிண்டில் புத்தகத்தைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாக ஏற்றும் வசதியையும் அமேசான் நிறுத்திவிட்டது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் இருக்கிறது: வாடிக்கையாளருக்குக் கிடைப்பது உரிமம் மட்டும்தான் என்றால், 'வாங்கு' பொத்தான் போடும் கடை அதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அதன்பின் அமேசானின் அமெரிக்கக் கடையிலும் அந்த அறிவிப்பு வந்தது.

படித்து முடித்த மின்னூலைப் பழைய விலைக்கு விற்கலாமா?

இல்லை. மூர் மார்க்கெட்டிலோ திருவல்லிக்கேணி நடைபாதையிலோ அச்சுப் புத்தகத்தை விற்க உங்களுக்கு உரிமை உண்டு. மின்கோப்பில் விற்பதே நகலெடுப்பதாகிவிடுகிறது என்கின்றன நீதிமன்றங்கள். அமெரிக்காவில் 2018-ல் ரீடிஜி வழக்கு (அது பாட்டுக் கோப்பு), ஐரோப்பாவில் 2019 டிசம்பரில் டாம் கபினெட் வழக்கு, இரண்டும் அதே திசையில்தான் முடிந்தன. விலையைப் பற்றி முணுமுணுப்பவர்கள் உண்மையில் இதைத்தான் கணக்கில் சேர்க்க வேண்டும். 300 ரூபாய் அச்சுப் புத்தகத்தில் மறுவிற்பனை, இரவல், பேத்திக்கு விட்டுப்போவது எல்லாம் அடக்கம்.

பூட்டை உடைத்தால் குற்றமா?

அமெரிக்காவில் 1998-ன் சட்டப்படி, விலக்குகள் சிலவற்றைத் தவிர, உடைப்பதே சட்டவிரோதம். 2001 ஜூலையில் திமித்ரி ஸ்க்லயாரோவ் என்ற ரஷ்ய நிரலாளர், அடோபி மின்னூல் பூட்டின் பலவீனங்கள் பற்றி லாஸ் வேகாஸில் உரையாற்றிவிட்டுக் கிளம்பும்போது கைதானார். பூட்டைத் திறக்கும் மென்பொருளை அவர் வேலை செய்த எல்காம்சாஃப்ட் விற்றுக்கொண்டிருந்தது. ரஷ்யாவில் அது குற்றமே இல்லை. 2002 டிசம்பரில் நடுவர் குழு அந்த நிறுவனத்தை விடுவித்தது.

இந்தியாவில் 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவின் வாசகம் வேறு. பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும். நோக்கம் என்ற சொல்தான் இங்கே அச்சாணி. சொந்தப் புத்தகத்தைச் சொந்தக் கருவியில் படிப்பது அதில் விழுமா என்று கேட்டால், விழாது என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது என்பது என் வாசிப்பு. நான் வக்கீல் இல்லை. கடையின் ஒப்பந்த விதிகள் வேறு, அவை மீறப்பட்டால் கணக்கை முடக்கலாம்.

பார்வையற்ற வாசகர்களை இது எப்படிப் பாதிக்கிறது?

மோசமாக. 2009-ல் கிண்டில் 2 புத்தகத்தை உரக்கப் படிக்கும் வசதியோடு வந்தது. அது ஒலிப்புத்தக உரிமையைப் பறிக்கிறது என்று அமெரிக்க எழுத்தாளர் சங்கம் எதிர்க்க, ஒவ்வொரு நூலுக்கும் அதை அணைத்துவைக்கும் அதிகாரத்தை அமேசான் பதிப்பாளர்களுக்குக் கொடுத்தது. பார்வையற்றோர் அமைப்புகள் நியூயார்க்கில் அந்தச் சங்கத்தின் வாசலிலேயே போராட்டம் நடத்தினார்கள். அவர்கள் ஓசியில் கேட்கவில்லை, வாங்கிய புத்தகத்தைப் படிக்கக் கேட்டார்கள்.

இந்தியா இதில் நல்ல இடத்தில் நிற்கிறது. 2012 திருத்தம், மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவத்துக்கு நூலை மாற்றிக்கொள்ள அனுமதி தருகிறது. அதே நோக்கமுள்ள மராகேஷ் உடன்படிக்கையை 2014-ல் உலகிலேயே முதலில் ஏற்றதும் இந்தியாதான்.

நூலகங்கள் மின்னூலை எப்படி வாங்குகின்றன?

வாங்குவதில்லை, வாடகைக்கு எடுக்கின்றன. 2011-ல் ஹார்ப்பர்காலின்ஸ், ஒரு மின்பிரதியை 26 முறை இரவல் கொடுத்ததும் உரிமம் காலாவதி என்று விதி போட்டது. பின்னால் மற்ற பெரிய பதிப்பகங்கள் இரண்டு ஆண்டு உரிமத்துக்குப் போயின. வாசகருக்கு 15 டாலர் உள்ள நூல் நூலகத்துக்கு 50, 60 டாலர் வரை வரும், அதுவும் இரண்டு ஆண்டுக்கு. 2019 நவம்பரில் மேக்மில்லன், புது நூல் வெளிவந்த முதல் எட்டு வாரம் ஒரு நூலக அமைப்புக்கு ஒரே பிரதிதான் என்று கட்டுப்பாடு போட்டது. நூலகங்கள் புறக்கணித்தன. கொரோனா ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச்சில் மேக்மில்லன் அதைக் கைவிட்டது. பூட்டு இல்லாமல் இந்த விதிகளில் ஒன்றைக்கூட நடைமுறைப்படுத்த முடியாது.

தமிழ் மின்னூலுக்கு எழுத்தாளர் கையில் என்ன வரும்?

அமேசான் 2016 டிசம்பரில் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளைக் கிண்டிலில் சேர்த்தது. சொந்தமாகப் பதிப்பிப்பவருக்கு இரண்டு ராயல்டி விகிதங்கள், 35 சதவீதமும் 70 சதவீதமும். அமெரிக்கக் கடையில் 70 வேண்டுமானால் விலை 2.99 முதல் 9.99 டாலருக்குள் இருக்க வேண்டும். அந்த 9.99 இங்கேயும் வந்துவிட்டது, பாருங்கள். இந்தியக் கடைக்கும் அப்படிக் கீழ், மேல் வரம்புகள் உண்டு. அதற்கும் மேலாக, இந்திய விற்பனையில் 70 கிடைக்க நூலைக் கேடிபி செலக்ட் (KDP Select) என்ற திட்டத்தில் சேர்த்தாக வேண்டும். சேர்த்தால் 90 நாள் அந்த மின்னூலை வேறெங்கும் விற்கக்கூடாது, சொந்தத் தளத்தில் இலவசமாகக்கூடத் தரக்கூடாது. 70 சதவீத வழியில் கோப்பின் அளவுக்கு ஏற்ப ஒரு டெலிவரி கட்டணமும் கழியும். படம் நிறைந்த சமையல் புத்தகம் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மாதச் சந்தாத் திட்டமான கிண்டில் அன்லிமிடெட் வழியாகப் படித்தால் விற்பனை விலைக்கு வேலையே இல்லை. படிக்கப்பட்ட பக்கத்துக்கு இவ்வளவு என்று ஒரு நிதியிலிருந்து பிரித்துக்கொடுக்கிறார்கள். மாதாமாதம் மாறும், இந்தியாவில் பைசாக் கணக்குதான். அத்தியாயத்துக்கு அத்தியாயம் கொக்கி வைத்து எழுதும் தொடர்கதைக்காரருக்குக் கொழிக்கும். நாற்பது கவிதை உள்ள தொகுப்புக்கு ஒரு டீ செலவு வந்தால் அதிகம்.

அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லையே, மின்னூலுக்கு மட்டும் ஏன்?

சட்டம் மின்னூலைச் சேவையாகப் பார்க்கிறது. 2017-ல் 18 சதவீதம் என்று தொடங்கி, 2018 ஜூலையில் 5 சதவீதமாகக் குறைத்தார்கள், ஆனால் அச்சுப் பதிப்பும் உள்ள நூலுக்கு மட்டும். மின்னூலாக மட்டுமே வந்த நூலுக்கு அந்தச் சலுகை இல்லை. அச்சுப் போட வசதியில்லாமல் மின்னூல் பக்கம் வருபவர் கூடுதல் வரி கட்டுகிறார். இதற்கு நியாயம் கேட்டால் என்னிடம் இல்லை. பிரிட்டன் 2020 மே மாதத்தில் மின்னூல் வரியை அடியோடு எடுத்துவிட்டது.

பொன்னியின் செல்வன் இலவசம்தானே? கிண்டிலில் ஏன் விலை போட்டு விற்கிறார்கள்?

கல்கி இறந்தது 1954-ல். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரைதான் பதிப்புரிமை; 70 ஆண்டு என்ற கணக்கு உள்ள இலங்கையிலும் 2024-ஓடு முடிந்தது. தமிழக அரசு அவர் படைப்புகளை அதற்கு முன்பே நாட்டுடைமையும் ஆக்கிவிட்டது. யாரும் வெளியிடலாம், விற்கலாம். பிழை திருத்தி, அத்தியாய இணைப்புகள் கொடுத்து, 50 ரூபாய் கேட்டால் அது உழைப்புக்கான கூலி. மதுரைத் திட்டத்தின் கோப்பை அப்படியே எடுத்து ஓர் அட்டை ஒட்டி விற்பவர்களும் உண்டு. 1998-லிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த உழைப்பு அது. அமேசான் இப்படிப்பட்ட நூல்களுக்கு 35 சதவீதம்தான் தருகிறது. காசு வேண்டாம் என்றால் மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்திலும் சட்டப்படியே படிக்கலாம்.

டெலிகிராம், வாட்ஸ்அப் பிடிஎஃப்களை என்ன செய்வது?

அந்தப் பிடிஎஃப்களைத் திறந்து பாருங்கள். ஓரத்தில் விரல், நடுவில் மடிப்பு நிழல், முதல் பக்கத்தில் ஏதோ ஒரு நூலகத்தின் ரப்பர் முத்திரை. பெரும்பாலானவை கைபேசியில் எடுத்த அச்சுப் புத்தகங்கள். மின்னூலில் எவ்வளவு கெட்டியான பூட்டு போட்டாலும் இவை வந்துகொண்டுதான் இருக்கும். பல நூல்களுக்கு மின்பதிப்பே இல்லை; புத்தகமோ மறுபதிப்பு காணாமல் கிடக்கிறது. வாங்க வழியே வைக்காமல் வாசகரைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதே சமயம், நேற்று வெளியான, கடையில் 150 ரூபாய்க்குக் கிடைக்கிற நாவலை இருநூறு பேர் குழுவில் போடுபவருக்கு இந்தச் சமாதானம் பொருந்தாது. முந்நூறு பிரதி அச்சிடும் பதிப்பாளருக்கு அது நேரடி அடி.

சட்ட வழி மெதுவானது, ஆனால் இருக்கிறது. 2022-ல் டெல்லி உயர் நீதிமன்றம், திருட்டுப் பாடப் பொருள் பகிர்ந்த கணக்குகளின் விவரத்தை டெலிகிராம் தர வேண்டும் என்று உத்தரவிட்டது.

நான் முதல் மின்னூல் போடப்போகிறேன். பூட்டு போடவா, வேண்டாமா?

கிண்டிலில் பதிவேற்றும் படிவத்திலேயே டிஆர்எம் வேண்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்று தேர்ந்தெடுங்கள். 2026 ஜனவரி 20 முதல், பூட்டில்லாமல் புதிதாக ஏற்றப்படும் நூல்களை வாங்கியவர் இபப் (பொதுவான மின்னூல் கோப்பு வடிவம்), பிடிஎஃப் வடிவங்களில் இறக்கிக்கொள்ளவும் அமேசான் வழி செய்திருக்கிறது. இதைக் கேட்டுப் பயந்து பூட்டு போட நினைப்பவர்கள் உண்டு. முதல் நூல் எழுதியவருக்குத் திருட்டைவிடப் பெரிய ஆபத்து, யாரும் படிக்காமல் போவது.

விலையை முதலில் 99 ரூபாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 49-க்கு வைத்தால் இரண்டு மடங்கு விற்கும் என்று உறுதியில்லை. கேடிபி செலக்டில் சேர்ந்தால், 90 நாள் முடிந்ததும் தானாகப் புதுப்பிக்கும் குறியை எடுத்துவிட மறக்காதீர்கள். அதன்பின் இபப் கோப்பை உங்கள் தளத்திலேயே நேரடியாக விற்கலாம், வாங்குபவர் பெயரை முதல் பக்கத்தில் போட்டுக் கொடுத்தால் போதும். பதிப்பகத்தோடு ஒப்பந்தம் போடுகிறீர்கள் என்றால் மின்னுரிமைக்குத் தனி வரி எழுதச் சொல்லுங்கள்: எத்தனை ஆண்டு, எத்தனை சதவீதம், அந்தச் சதவீதம் விற்பனை விலையிலா அல்லது கடை தன் பங்கை எடுத்தபின் பதிப்பாளர் கைக்கு வரும் தொகையிலா. கடைசிக் கேள்வியைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டவர்கள்தான் அதிகம்.